துப்பச் சொன்னவள் நான்தான்

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, என் மகள் செசிலி சாகக் கிடந்து பிழைத்த கதையைக் கோவிலில் வாசிக்க எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். ஆனால் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிற மாதிரியான சாட்சி என்னிடம் இல்லை. அன்றைக்கு என்னிடம் இருந்தது பக்தி இல்லை, கோபம். இன்றைக்கும் பாதிக்கு மேல் கோபம்தான் இருக்கிறது.

என் பெயர் ஆரோக்கியம். காய்ச்சல் பிடித்த தோட்டத்தில் இப்படி ஒரு பெயர்! சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். மலாயாவில் குளுவாங் ரயிலடியிலிருந்து எட்டு மைல் உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். பதினோரு வருஷமாக அங்கே பால் மரம் வெட்டுகிறேன், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூண்டில் வேலை. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சாமியார் வராத நாளில் செபம் நடத்துகிற நம் உபதேசியார்தான் எழுதுகிறார். அவரைப் பற்றியும் இதில் வரும். மழுப்பாமல் எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தவக்காலத்தின் இரண்டாம் வாரம். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய செசிலிக்குக் குளிர் கண்டது. திங்கள், செவ்வாய் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. புதன்கிழமை மத்தியானம் கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவளுக்கு ஆறு வயது. உயிரோடு எனக்கு இருந்த ஒரே பிள்ளை.

அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான். எப்படி என்று சொல்ல வேண்டுமானால் குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். டவுனில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் பெரட்டு. வேலைக்குப் போகுமுன் எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும், பிள்ளைகள் உட்பட. கணக்கு எழுதுகிற கிராணி பேர் வாசித்து முடித்ததும் டிரெஸர் வருவார். தோட்டத்து மருந்தெல்லாம் அவர் பொறுப்பு. கந்தையா என்ற யாழ்ப்பாணத்து மனிதர். ஒவ்வொருவர் நாக்கிலும் மாத்திரையை வைப்பார். ஒரு வாய் தண்ணீர். பிறகு, "பேரைச் சொல்லு" என்பார். வாயில் மாத்திரையை வைத்திருந்தால் பேர் குழறும் அல்லவா, அதற்காக. எதற்கு இந்த மருந்து, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஒரு நாளும் எங்களுக்குச் சொன்னதில்லை. மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது மாட்டிடமா விளக்கம் சொல்கிறார்கள்? அப்படித்தான் எங்களையும் நடத்தினார்கள்.

செசிலிக்கு மூன்று வயதாக இருக்கும்போது நான் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். அந்த வாரம் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் காய்ச்சல் அதிகம் என்று ஆளுக்கு இரட்டை மாத்திரை. நான் கும்பிட்டுக் கேட்டேன்.

"ஐயா, புள்ளத்தாச்சிங்க நானு. எனக்கு வேணாங்க."

"தோட்டத்து உத்தரவு. வாயைத் திற."

திறந்தேன். நான்காம் நாள், வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே எனக்கு வயிறு கலைந்தது. ஆண் பிள்ளை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறையின் மந்திரித்த மண்ணில் இடம் இல்லை என்றார் உபதேசியார். ஆமாம், இதை எழுதிக்கொண்டிருக்கிற இதே உபதேசியார்தான். சவரிமுத்து ஒரு சாக்குத் துண்டில் சுற்றி ரப்பர் காட்டு ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் அழவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ எரிந்துகொண்டே வந்தது. அந்த எரிச்சல் அப்புறம் அடங்கவே இல்லை.

கருவைக் கலைத்தது அந்த மாத்திரைதான் என்றார்கள் லயத்துப் பெண்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். மருந்துக் கொட்டகைக்குப் போய், "அந்த மாத்திரையாலதானாங்க?" என்று டிரெஸரைக் கேட்டேன். அவர் மேசையை விட்டுத் தலையைக்கூடத் தூக்கவில்லை. "போய் வேலையைப் பார்" என்றார். என் பிள்ளையின் சாவுக்கு எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் மாத்திரை விழுங்கவில்லை.

வெற்றிலை போடுகிற பெண்களுக்குக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் புகையிலை அடக்குகிற இடம் ஒன்று உண்டு. அடக்கி அடக்கிச் சின்னப் பை போல ஆகியிருக்கும். மாத்திரையை நாக்கால் அங்கே தள்ளிவிட்டால் தண்ணீரும் குடிக்கலாம், பேரும் தெளிவாகச் சொல்லலாம். மாத்திரைக்கு மேல் சர்க்கரைப் பூச்சு இருந்ததால் கசப்பு உடனே தெரியாது. பெரட்டு கலைந்து வேலியைத் தாண்டியதும் துப்பிவிடலாம். இதைக் கண்டுபிடித்தவள் நான். லயத்தில் ஒருத்தி விடாமல் சொல்லிக் கொடுத்தவளும் நான். செசிலிக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் ஒதுக்கு, சர்க்கரையைச் சப்பு, கசந்ததும் துப்பு. அவளுக்கு அது மிட்டாய் விளையாட்டு. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் மகள் வள்ளிக்கு அவள் கற்றுக்கொடுத்தாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். டிரெஸர் ஏமாறுகிற ஒவ்வொரு காலையும் எனக்குத் திருநாளாக இருந்தது.

தைப்பூசம் முடிந்த வாரம் வள்ளி செத்துப்போனாள். காய்ச்சல், இழுப்பு, இரண்டே நாள். நானும் போய்ப் பாக்கியத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். "மருந்து மருந்துன்னு குடுத்தே கொன்னுட்டானுங்க, பாவிங்க!" என்று வாசலில் நின்று கத்தினேன். அந்தப் பிள்ளை மருந்தே விழுங்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கத்தினேன். கோபம் மனுஷியை எவ்வளவு குருடாக்கும் என்று கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் செசிலிக்குக் குளிர் கண்டதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டிரெஸர் வருவார், மாத்திரை கொடுப்பார். நாங்கள் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைக்கு அவளை அனுப்பாமல், அம்மை போட்டிருக்கிறது என்று ஆயாவிடம் ஒரு பொய் சொன்னேன். மாரியம்மன் கோவில் வேப்பமரத்தில் கொத்து ஒடித்து வந்து வாசலில் செருகினேன். உள்ளே மாதா படம், வெளியே வேப்பிலை. யாரும் வீட்டுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். சவரிமுத்து, "டிரெஸர கூட்டியாரட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அந்த ஆளு இந்த வாசல மிதிச்சா நான் செத்துருவேன்" என்றேன். பாவம், அவர் புகைக்கூண்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் இழுப்பு வந்தபோது, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு ஆள் சொல்ல வந்த உபதேசியார் வாசலில் நின்றார். வேப்பிலையைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "எல்லாம் தேவசித்தம் அம்மா. பிள்ளையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிடுங்கள்" என்றார்.

"வெளிய போங்க!" என்றேன். "மண்ணுகூடக் குடுக்காதவரு ஒப்புக்குடுக்கச் சொல்ல வந்துட்டீங்களா? போங்க!"

போய்விட்டார். (பேனா ஏன் நிற்கிறது? எழுதுங்கள் ஐயா. நீங்களே பிறகு அதற்காக வருத்தப்பட்டீர்கள், அதையும் சொல்லத்தான் போகிறேன்.)

அப்போதுதான் நான் செபித்தேன். அதைச் செபம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. முழந்தாளிடவில்லை. மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கையை நீட்டிச் சண்டை போட்டேன்.

"ஒண்ண எடுத்துக்கிட்டீரு. ஏன்னு கேட்டேன், நீரும் சொல்லல, ஒருத்தனும் சொல்லல. இப்ப இவளையுமா? உமக்கு மனசே இல்லையா? இவள எனக்குக் குடும். யாரையாவது அனுப்பும். யார வேணுன்னாலும் அனுப்பும். அந்த டிரெஸர மட்டும் அனுப்பாதீரு!"

இப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்தச் சூடு ஆறுவதற்குள் வாசலில் டிரெஸர் வந்து நின்றார்.

நான் சொன்ன பொய்தான் அவரைக் கூட்டி வந்தது. லயத்தில் அம்மை என்று ஆயா கிராணியிடம் சொல்லியிருக்கிறாள். அம்மை என்றால் பரவும், தோட்டமே நின்றுவிடும், உடனே போய்ப் பார் என்று கிராணி விரட்டியிருக்கிறார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை வெளியே போட்டுவிட்டு, வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டு, கேட்காமல் உள்ளே வந்தார். எனக்கு அந்தக் குடையாலேயே அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆண்டவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

அவர் செசிலியின் இமையை விரித்துப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "அம்மையுமில்லை, ஒண்டுமில்லை" என்றார்.  பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை ஒவ்வொரு நாளும் குளிசை விழுங்கினவளோ?"

மாத்திரையை அவர் குளிசை என்றுதான் சொல்வார். நான் செசிலியின் போர்வையை இழுத்து விட்டேன்.

"கேக்கிறது விளங்குதோ? விழுங்கினவளெண்டா இது குளிர்காய்ச்சல் இல்லை, வேற வருத்தம், குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேணும். அதுக்கு மேல நான் கொயினா ஊசி போட்டா நெஞ்சு நிண்டுபோம். விழுங்காதவளெண்டா இப்பவே ஊசி போட வேணும். ஒரு மணித்தியாலம் சுணங்கினாலும் பிள்ளை இல்லை. எது?"

வாசலில் லயத்துப் பெண்கள் மழையில் நனைந்தபடி கூடியிருந்தார்கள். எல்லோரும் நான் சொல்லிக் கொடுத்தவர்கள். மருந்தைத் துப்பினால் பேர் வெட்டி வேலையை விட்டு நீக்குவது தோட்டத்துச் சட்டம். பேர் வெட்டினால் அந்த வருஷத்தில் அடுத்து கப்பல்தான். என் பேர் மட்டுமா, அவர்கள் பேரும் போகும். அது மட்டுமா? அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்றவள் பாக்கியம். நான் வாயைத் திறந்தால், மாத்திரையைத் துப்பியதால்தான் வள்ளி செத்தாள் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும்.

விழுங்கினாள் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆமாம், தோன்றியது. செசிலியை வண்டியில் போட்டு எட்டு மைல் கொண்டு போனால் மாதா காப்பாற்ற மாட்டாளா என்று ஒரு கணம் கணக்குப் போட்டது என் மனசு. என் வெட்கத்தைக் காப்பாற்ற மாதாவைக் கூலிக்கு வைக்கப் பார்த்தேன். இந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

மூன்று வருஷமாக நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று மாதாவிடம் கத்தினேனே, இப்போது என்னிடம் ஒரு கேள்வி வந்திருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அது உறைத்தது. உறைத்ததும் வாய் தானாகத் திறந்தது.

"முழுங்கல! ஒரு நாளும் முழுங்கல! நான்தான் துப்பச் சொன்னேன். எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவ நான்தான், இவளுங்கள ஒண்ணும் சொல்லாத. ஏன்னு கேளு! என் வயித்துல இருந்தது போச்சு. உங்கிட்ட வந்து கேட்டேன். தலையத் தூக்கினியா நீ? ஒரு வார்த்த சொன்னியா? சொல்லியிருந்தா நான் ஏன் துப்பறேன்? போடு, ஊசியப் போடு! இவ செத்தா உன்ன விட மாட்டேன்!"

வாழ்க்கையில் முதன்முறையாக அவரை நீ என்று சொன்னேன்.  அவர் பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, ஊசியைக் காய்ச்சி, என் பிள்ளையின் தொடையில் ஏற்றினார். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தபோது பாக்கியம் அங்கே இல்லை.

பொழுது இருட்டும் வரை அவர் போகவில்லை. கீழே சாக்கில் உட்கார்ந்து செசிலியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இழுப்பு நின்றிருந்தது. திடீரென்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்குத் தெரியாது அம்மா. கொயினாவாலையோ, காய்ச்சலாலையோ, வேற எதாலையோ. ரெண்டாலையும் கரு கலையும். உன்ர பிள்ளைக்கு எதெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாதெண்டு அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். சொல்லாதது பிழை."

மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அழகான சாட்சி என்றால் அங்கே ஒரு மன்னிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அடுப்பில் இருந்த வரக்காப்பியை ஒரு தம்ளரில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தேன். குடித்தார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மறுபடியும் ஊசி போட்டார். வெள்ளிக்கிழமை காலை அவர் வந்திருந்தபோது செசிலிக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து, "அம்மா, காதுக்குள்ள வண்டு கத்துது" என்றாள். நான் பதறிப்போய் டிரெஸரைப் பார்த்தேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார். மருந்து உடம்பில் ஏறினால் காது அப்படித்தான் இரையும் என்றார். இவ்வளவு வருஷத்தில் அந்த வண்டு என் பிள்ளை காதில் கத்தியதே இல்லை, மருந்து உள்ளே போயிருந்தால்தானே? நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். வயிற்றிலேயே போன பிள்ளைக்கு அழாததையும் சேர்த்து அழுதேன்.

என் செபம் கேட்கப்பட்டது. இதை நான் மறுக்கவில்லை. நான் வேண்டாம் என்ற ஆளையே ஆண்டவர் அனுப்பி, நான் சொன்ன பொய்யைக் கொண்டே அவரைக் கூட்டி வந்து, என் வாயாலேயே என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். நன்றி ஆண்டவரே. ஆனால் நன்றி சொன்ன அதே மூச்சில் பக்கத்து வீட்டை நினைக்க வேண்டியிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும். சொன்னேன். முறம் ஒரு பக்கம் பறந்தது. கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு தடவை அறைந்தாள். நான் தடுக்கவில்லை.

"ஒன் சாமி ஒன் புள்ளயக் குடுத்துருச்சுல்ல? எம் புள்ளய யாருடி குடுப்பா?" என்றாள்.

  செசிலியைக் கொடுத்தவர் வள்ளியை ஏன் கொடுக்கவில்லை? நான் செய்த தப்புக்கு அவள் பிள்ளையா விலை? இதை அவரிடம் தினமும் கேட்கிறேன், சத்தமாகத்தான் கேட்கிறேன். தன் பிள்ளை பிழைத்துவிட்டது என்று பாட்டுப் பாடிவிட்டு, செத்த பிள்ளையின் வீட்டைக் கண்டுகொள்ளாமல் நடந்து போகிற பக்தி எனக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம் என்று சொல்வேன்.

அம்மை என்று பொய் சொன்னதற்காகக் கிராணி என் பேரை வெட்டச் சொல்லிக் குதித்தார். அம்மை இல்லை, காய்ச்சல், குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்ததோடு டிரெஸர் நிறுத்திக்கொண்டார். துப்பின விஷயம் அவர் வாயிலிருந்து வரவில்லை, என் பேர் தப்பியது. நான் அதோடு விடவில்லை. மருந்துக் கொட்டகைக்குப் போய் மேசைக்கு முன்னால் நின்றேன். புள்ளத்தாச்சிகளை வரிசையில் நிறுத்தி வாயில் போடக்கூடாது, தனியாகக் கூப்பிட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, எதற்கு என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்றேன். இந்த முறை தலையைத் தூக்கிக் கேட்டார். தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்ப் பேசினார். துரை முதலில் சத்தம் போட்டார், பிறகு ஒத்துக்கொண்டார். எங்கள் மேல் இரக்கம் வந்து ஒத்துக்கொள்ளவில்லை, பெண்கள் படுத்துவிட்டால் மரம் வெட்ட ஆள் இருக்காது என்பதால்தான். பரவாயில்லை, நடந்தது.

உபதேசியாரும் வந்தார். குருத்து ஞாயிறு கழிந்து ஒரு நாள், வழி கேட்டு, ரப்பர் காட்டு ஓரத்துக்கு எங்களோடு நடந்து வந்தார். மண்ணை மந்திரிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, "நான் அன்றைக்கு வந்து நின்றிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். சவரிமுத்து அங்கேதான் வாய்விட்டு அழுதார்.

இப்போது பெரட்டில் டிரெஸருக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன். அவர் மாத்திரை கொடுத்த பிறகு கன்னத்தை நான் பார்ப்பேன். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று என்னை விட யாருக்குத் தெரியும்? பெண்கள் என்னைக் காட்டிக் கொடுத்தவள் என்றார்கள். ஒருத்தி மாத்திரையை என் காலடியிலேயே துப்பினாள். நானும் சும்மா இல்லை. எதற்கு இந்த மருந்து, காது ஏன் இரையும், எப்போது பயப்பட வேண்டும் என்று டிரெஸரைக் குடைந்து குடைந்து கேட்டு, ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். கேட்காதவளிடம் சண்டை போட்டேன். முன்பு என் கோபம் துப்பக் கற்றுக்கொடுத்தது. அதே கோபத்தை ஆண்டவர் பிடுங்கிக்கொள்ளாமல் விட்டது இந்த வேலைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பாக்கியம் ஐந்து மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசையில் என் பக்கம் வராமல் கடைசியில் நின்று, டிரெஸர் கையால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஆடி மாதம் ஒரு காலை, தன் மூன்று வயது இளைய மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள். பிள்ளை மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தது. பாக்கியம் அதன் தாடையைப் பிடித்து வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"நீயே பாரு. நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாள்.

நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். கன்னத்தில் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். "முழுங்கிருச்சு பாக்கியம்" என்றேன்.  அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

உங்களில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன எரிகிறது என்று எனக்குத் தெரியாது. எரிந்தால் அந்த எரிச்சலோடேயே அவரிடம் போங்கள். கத்துங்கள். அவர் தாங்குவார், நான் கத்திப் பார்த்தவள். நம்பிப் போங்கள். ஆனால் உங்களுக்குப் பிடிக்காத ஆள் வழியாக அவர் உங்களிடம் ஒன்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், வாசலில் யார் நின்றுகொண்டிருந்தாலும்.